குளம் வெட்டியவர் எழுதிய நாவல்கள்

ரஷ்ய எழுத்தாளர் ஆந்திரேய் பிளாத்தோனவ் பற்றிய எந்த அறிமுகத்தைப் பார்த்தாலும் 'பொறியாளர், நாவலாசிரியர்' என்றே போடுகிறார்கள். அந்த 'பொறியாளர்' வெறும் வாழ்க்கைக் குறிப்பா, அல்லது அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள அது உண்மையிலேயே தேவையா என்பது கேள்வி. தேவை என்பதே என் பதில். அவர் மண்வெட்டிக்கும் மதகுக்கும் நடுவே சில வருடங்கள் வாழ்ந்திருக்காவிட்டால் 'அஸ்திவாரக் குழி' என்ற நாவலை எழுதியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரஷ்ய எழுத்தாளர்களில் பொறியியல் படித்தவர்கள் வேறு சிலரும் உண்டு. தாஸ்தயேவ்ஸ்கி ராணுவப் பொறியியல் பள்ளியில் படித்தவர், ஆனால் கிடைத்த வேலையைச் சீக்கிரமே உதறிவிட்டார். சம்யாத்தின் என்ற எழுத்தாளர் கப்பல் பொறியாளர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தங்கி, ரஷ்யாவுக்கான பனி உடைப்புக் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வை பார்த்தார். பிளாத்தோனவின் பொறியியல் இவர்களுடையதைப் போன்றதல்ல. அது வறண்ட கிராமங்களில், பட்டினி கிடந்த மனிதர்களோடு, கையில் பணமில்லாமல் செய்த வேலை.

1899இல் தெற்கு ரஷ்யாவில் வரோனிஷ் நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் பிறந்தார். பாதி ஊர், பாதி பட்டிக்காடு என்று சொல்லத்தக்க இடம். இயற்பெயர் ஆந்திரேய் கிளிமேந்தவ். அப்பா பிளாத்தோன் ரயில்வே பட்டறைத் தொழிலாளி. அவர் பெயரிலிருந்துதான் மகன் தன் புனைபெயரை எடுத்துக்கொண்டார். வீட்டில் பிள்ளைகள் நிறைய, இவர் மூத்தவர். அதனால் பதின்ம வயது தொடங்கும்போதே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலகத்தில் எடுபிடி, குழாய் வார்க்கும் ஆலை, பட்டறை, அப்புறம் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ரயில் எஞ்சின் ஓட்டுநருக்கு உதவியாளர். வரோனிஷிலேயே ரயில்வே தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார்.

எஞ்சின்மேல் அவருக்கிருந்த பிரியம் கடைசிவரை போகவில்லை. 1941இல் வந்த ஒரு சிறுகதையில் மால்த்ஸெவ் என்ற ஓட்டுநர் வருகிறார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மின்னல் வெட்டிப் பார்வை போய்விடுகிறது. போனதே அவருக்குத் தெரியவில்லை. தடமும் சிக்னல்களும் அவர் மனதுக்குள் அவ்வளவு தெளிவாக இருப்பதால், தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவே நினைத்து எஞ்சினை ஓட்டிக்கொண்டு போகிறார். எஞ்சின் அறையில் நின்று பழகியவருக்குத்தான் இப்படியொரு கற்பனை வரும்.

இளம் வயதில் அவர் புரட்சியை முழு மனதோடு நம்பினார். அந்த நம்பிக்கை அரசியல் கூட்டத்து நம்பிக்கை அல்ல, தொழில்நுட்பக்காரரின் நம்பிக்கை. 1920இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு 'பூமியைப் பழுதுபார்த்தல்'. பூமியும் ஓர் இயந்திரம், பராமரிப்பில்லாமல் கெட்டுப்போயிருக்கிறது, சரிசெய்தால் எல்லோருக்கும் சோறு போடும் என்ற பார்வை. 1921இல் மின்மயமாக்கல் பற்றி ஒரு சிறு நூல், மறுவருடம் ஒரு கவிதைத் தொகுப்பு. அந்தக் காலத்துக் கதைகளில் மலைகளை வெடிவைத்துத் தகர்த்துச் சீதோஷ்ணத்தையே மாற்றும் பொறியாளர்கள் வருகிறார்கள். அவை நல்ல கதைகள் என்று சொல்லமாட்டேன். பின்னால் வந்த நாவல்களின் வலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள மட்டும் அவை உதவும். கேலி செய்யப் புறப்பட்டவர் எழுதிய நாவல்கள் அல்ல அவை. யார் கனவு உடைவதை எழுதினாரோ, அந்தக் கனவை முதலில் கண்டவரும் அவரேதான்.

1921இல் வோல்கா பகுதியிலும் வரோனிஷிலும் மழை பொய்த்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர் செத்துப்போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பிளாத்தோனவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, உள்ளூர்ப் பத்திரிகைகளில் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். சில வருடங்கள் கழித்து எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், அந்த வறட்சியைப் பார்த்தபின் தொழில்நுட்பம் தெரிந்த தன்னால் உட்கார்ந்து சிந்திக்கும் வேலையான இலக்கியத்தைத் தொடர முடியவில்லை என்று சொல்கிறார். கண்ணெதிரே ஜனங்கள் தண்ணீரில்லாமல் சாகும்போது கவிதை எழுதுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. நேராகப் போய் நீர்ப்பாசன வேலையில் சேர்ந்துவிட்டார்.

1923 முதல் 1926 வரை வரோனிஷ் மாகாணத்தின் நிலச் சீரமைப்பு வேலைகளுக்கு அவர் பொறுப்பு. அவர் மேற்பார்வையில் 763 குளங்களும் 331 கிணறுகளும் வெட்டப்பட்டன, கிராமங்களுக்கு மூன்று சிறு மின்நிலையங்கள் அமைந்தன, சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. 763 குளம் என்றால் 763 இடத்தில் போய் நிலத்தைப் பார்க்க வேண்டும், எங்கே கரை போடலாம், எங்கே களிமண், எங்கே மணல் என்று சோதிக்க வேண்டும், ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் மண்வெட்டியாலும் வண்டியாலும் நடந்த வேலை. முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் தலையில் இந்தச் சுமை இருந்தது. இதை நினைத்தாலே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது, அவர் ஒரு வரிகூட எழுதாமல் போயிருந்தாலும்.

இந்த அனுபவத்தை நேரடியாகச் சொல்லும் கதை 'மின்சாரத்தின் தாயகம்'. 1921இன் வறட்சி. மழை வேண்டி ஊர்வலம் போகிறார்கள், ஒரு வற்றிய கிழவி வெயிலில் நடக்கிறாள். இளம் தொழில்நுட்பக்காரன் ஒருவன் அந்த ஊருக்கு வருகிறான். ஊரில் மின்சாரம் எடுப்பது ஒரு பழைய 'இந்தியன்' மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து, அதுவும் தானியத்தில் காய்ச்சிய சாராயத்தை எரிபொருளாக ஊற்றி. அந்த எஞ்சினைக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் இறைக்க அவன் ஒரு பம்ப் செய்து தருகிறான். தானியம் இல்லாமல் பட்டினி கிடக்கும் ஊர், தானியத்தைக் காய்ச்சி எஞ்சினுக்கு ஊற்றித்தான் அடுத்த தானியத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். அந்தக் கணக்கை உள்ளிருந்து தெரிந்தவரின் எழுத்து இது.

1926 கடைசியில் அவரை தம்போவ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் குழந்தையும் மாஸ்கோவில். அலுவலகத்தில் பகை, தனிமை, குளிர். மனைவி மரியாவுக்கு எழுதிய கடிதங்களில் அது தெரிகிறது. அந்த மூன்று நான்கு மாதத்தில்தான் அவர் எழுத்தாளராக முழு உருவம் எடுத்தார். அப்போது எழுதியதுதான் 'யெபிஃபானின் மதகுகள்'.

அந்தக் குறுநாவலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரஷ்யப் பேரரசரான ஜார் மகா பீட்டர் காலத்துக் கதை. பெர்ட்ராண்ட் பெர்ரி என்ற ஆங்கிலப் பொறியாளர் ரஷ்யாவுக்கு வருகிறார். தோன் ஆற்றையும் ஓக்கா ஆற்றையும் கால்வாயால் இணைக்க வேண்டும் என்பது ஜாரின் உத்தரவு. ஜான் பெர்ரி என்ற உண்மையான ஆங்கிலப் பொறியாளர் ஒருவர் பீட்டரிடம் வேலை பார்த்திருக்கிறார், அதுவும் வரோனிஷ் பக்கத்திலேயே. அவர் சம்பள பாக்கியோடு ஊர் திரும்பிவிட்டார். கதையில் வரும் பெர்ரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வேலை நடக்கிறது. ஆயிரக்கணக்கான குடியானவர்களை வலுக்கட்டாயமாக இழுத்துவருகிறார்கள், பலர் ஓடிப்போகிறார்கள், பலர் சாகிறார்கள். கடைசியில் மதகுகள் தயார், ஆனால் கால்வாயில் போதிய தண்ணீர் இல்லை. காரணம், முதலில் எடுத்த நில அளவைக் கணக்கு நல்ல மழை பெய்த ஒரு வருடத்தில் எடுத்தது. அந்தத் தாளை நம்பித்தான் எல்லாத் திட்டமும் போட்டிருக்கிறார்கள். பற்றாக்குறையைத் தீர்க்க ஏரியின் அடியில் துளை போடச் சொல்கிறார் பெர்ரி. துளை, தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த களிமண் படுகையை உடைத்துவிடுகிறது. இருந்த தண்ணீரும் கீழே இறங்கிப்போகிறது. தண்ணீர் போதாது என்பது யெபிஃபான் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒரு வருடம் முன்பே தெரிந்திருந்தது என்று கதை சொல்கிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. பெர்ரியை மாஸ்கோவரை நடத்தியே கூட்டிப்போய்க் கொல்கிறார்கள்.

இதை வெறும் கொடுங்கோலன் கதையாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். ஒரு நீர்ப்பாசனப் பொறியாளர் இரவில் விழித்துக்கொண்டு பயப்படுவதெல்லாம் இதில் இருக்கிறது: அளவையே தப்பாக இருந்தால் என்ன, அடிமண் ஏமாற்றினால் என்ன, மேலிடம் குறித்த தேதிக்கு இயற்கை ஒத்துவராவிட்டால் என்ன. ஸ்டாலினின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஆரம்பிக்கும் முன்பே, 1927இல், இதை எழுதி வெளியிட்டுவிட்டார்.

அடுத்தது 'செவெங்கூர்'. அவர் எழுதி முடித்த ஒரே பெரிய நாவல். ஒரு குதிரைக்கு 'பாட்டாளி சக்தி' என்று பெயர், அதன்மேல் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கின் கல்லறையைத் தேடிப்போகும் ஒரு வீரன், கம்யூனிசம் வந்தாயிற்று, இனி உழைப்பது சூரியனின் பொறுப்பு என்று முடிவெடுக்கும் ஓர் ஊர். எல்லோரும் இவற்றைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் மறக்க முடியாதவர் ஆரம்பத்தில் வரும் ஸகார் பாவ்லவிச். எதைப் பார்த்தாலும் கையால் செய்துபார்க்கும் மனிதர். மரத்தில் வாணலி செய்து, அதில் தண்ணீர் ஊற்றி, வாணலி கருகாமல் மெல்லிய தீயில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார். எதற்கு? சும்மா, முடிகிறதா என்று பார்க்க. பிறகு ரயில்வே பட்டறைக்குப் போகிறார், எஞ்சின்களை மனிதர்களைவிட அதிகமாக நேசிக்கிறார். ஒருநாள் பிச்சையெடுக்கும் ஒரு சிறுவனைச் சந்திக்கிறார். அந்தப் பையனின் பசிக்கு இத்தனை அழகான எஞ்சின்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது அவருக்கு உறைக்கிறது. அன்றிலிருந்து எஞ்சின்மேல் இருந்த ஆசை வற்றிவிடுகிறது. பிளாத்தோனவ் தன்னைப் பற்றி எழுதியதிலேயே மிக நேர்மையான பக்கங்கள் இவை என்று எனக்குத் தோன்றுகிறது.

1929இல் கையெழுத்துப் பிரதியை மாக்ஸிம் கோர்க்கிக்கு அனுப்பினார். கோர்க்கி திறமையைப் பாராட்டினார், கூடவே இதைத் தணிக்கை விடாது என்றும் எழுதிவிட்டார். சோவியத் ஒன்றியத்தில் முழு நாவல் அச்சானது 1988இல்.

சரி, 'அஸ்திவாரக் குழி'க்கு வருகிறேன். 1930 வாக்கில், குடியானவர்களின் நிலங்களை அரசு ஒன்றாகச் சேர்த்த கூட்டுப்பண்ணை இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, அது நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியது. வோஷ்சேவ் என்பவனுக்கு முப்பது வயது நிறைகிற அன்று தொழிற்சாலை வேலை போகிறது. எல்லோரும் வேகமாக உழைக்கும்போது அவன் யோசித்துக்கொண்டு நிற்கிறான் என்பதுதான் குற்றம். அவன் போய்ச் சேரும் இடத்தில் ஒரு குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரின் மொத்தப் பாட்டாளிகளும் ஒன்றாக வாழப்போகும் ஒரே வீட்டுக்கான அஸ்திவாரம். தோண்டத் தோண்டத் திட்டம் பெரிதாகிறது. குழி நான்கு மடங்கு வேண்டும் என்கிறார்கள், மேலிடத்துக்குப் பிடிக்க ஆறு மடங்கு என்கிறார்கள். வீடு ஓர் அடிகூட மேலே எழவில்லை.

அதை வடிவமைத்த பொறியாளர் புருஷெவ்ஸ்கி. மண்ணின் தாங்கும் திறன், சுவரின் கனம் எல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். இந்த வீட்டுக்குள் வாழப்போகிறவர்களின் மனசு எப்படியிருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை, அது அவரைத் தின்கிறது. தற்கொலையைப் பற்றி அமைதியாக யோசிக்கிறார். பிளாத்தோனவ் இவரைக் கேலி செய்யவே இல்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சொந்த வேலையைப் பற்றி அவர் கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான் புருஷெவ்ஸ்கியின் வாயில் வைத்திருக்கிறார்.

குழி வெட்டும்போது பக்கத்துக் கிராமத்தார் தங்களுக்காக முன்கூட்டியே செய்து புதைத்து வைத்திருந்த நூறு சவப்பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டை நாஸ்த்யா என்ற அநாதைச் சிறுமிக்குக் கொடுக்கிறார்கள், ஒன்று படுக்க, ஒன்று பொம்மை வைக்க. அந்தக் குழந்தைக்காகத்தான் வீடு கட்டுகிறோம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கிராமத்தில் வசதியான குடியானவர்களைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றோடு கடலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறார்கள். நாஸ்த்யா காய்ச்சலில் செத்துப்போகிறாள். சிக்லின் என்ற பலசாலித் தொழிலாளி அவளுக்காகப் பதினைந்து மணி நேரம் விடாமல் குழி தோண்டுகிறான். புழுவோ வேரோ வெப்பமோ குளிரோ அவளைத் தொடக்கூடாது என்று பாறைவரை போகிறான், மேலே ஒரு கருங்கல் பலகையை வைத்து மூடுகிறான்.

நாவல் முழுக்கத் தோண்டிய அத்தனை குழியிலும், தேவையான ஆழத்துக்குத் தோண்டி, சொன்ன வேலைக்குப் பயன்பட்ட குழி அது ஒன்றுதான். 763 குளங்களை வெட்டவைத்த மனிதருக்கு ஒரு குழி எப்போது முடிகிறது என்று தெரியும். தண்ணீர் நின்றால் முடிந்தது. 'அஸ்திவாரக் குழி'யில் எதுவும் நிற்கவில்லை என்பதை அவர் அரசியல் விமர்சகரைப்போலச் சொல்லவில்லை, கரையைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து அறிக்கை எழுதும் பொறியாளரைப்போலச் சொல்கிறார். அந்தக் கரையைக் கட்டியவர்களில் தானும் ஒருவர் என்ற துக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

மொழியையும் சொல்ல வேண்டும். படிப்பு அதிகமில்லாத ஒருவர் அரசாணையின் சொற்களை எடுத்துத் தன் பசியையும் தனிமையையும் சொல்ல முயன்றால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருக்கும் அவருடைய வாக்கியம். கோஷத்தின் சொல்லும் உடம்பின் சொல்லும் ஒரே வரியில் இடித்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை படிக்கும்போது மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்றே தோன்றும். பிழையல்ல, மூலமே அப்படித்தான். கவிஞர் பிராட்ஸ்கி 'அஸ்திவாரக் குழி'க்கு எழுதிய குறிப்பில், இவரை மொழிபெயர்க்கவே முடியாது என்கிற அளவுக்குப் போகிறார். இந்த நாவல் ரஷ்யாவில் அச்சானது 1987இல்தான், எழுதியவர் இறந்து முப்பத்தாறு வருடம் கழித்து.

1931இல் கூட்டுப்பண்ணைகளைப் பற்றிய 'நன்மைக்காக' என்ற குறுநாவல் ஒரு பத்திரிகையில் வந்தது. ஸ்டாலின் படித்துவிட்டு ஓரத்தில் 'அயோக்கியன்' என்ற பொருள்பட எழுதினார். அதை வெளியிட்ட ஆசிரியர் ஃபதேயெவே பிறகு அதைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். பிளாத்தோனவ் மன்னிப்புக் கடிதங்கள் எழுதினார், சில வருடங்களுக்கு எங்கும் அச்சேற முடியவில்லை. அப்போது அவருக்குச் சோறு போட்டது மறுபடியும் பொறியியல்தான். எடைகளும் தராசுகளும் தயாரிக்கும் ஓர் அரசு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1934இல் எழுத்தாளர் குழுவோடு துர்க்மேனியா போய் வந்ததன் பலன் 'ஜான்' என்ற குறுநாவல். அந்தச் சொல்லுக்கு உயிர் என்று பொருள். உயிரைத் தவிர வேறு எதுவும் சொந்தமில்லாத ஒரு சிறு கூட்டத்தைப் பாலைவனத்தின் வழியே நடத்திக்கொண்டு போகிறான் ஒருவன். அதுவும் அவர் காலத்தில் வெளிவரவில்லை.

1938இல் பதினைந்து வயது மகன் பிளாத்தோனைக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். எழுத்தாளர் ஷோலகவ் உள்ளிட்டோர் முயன்றதால் 1940இல் பையன் திரும்பினான், காசநோயோடு. 1943 ஜனவரியில் இறந்துவிட்டான். அப்பா அப்போது 'செந்நட்சத்திரம்' ராணுவ நாளிதழுக்குப் போர்முனைச் செய்தியாளர். அவரும் காசநோயால், 1951 ஜனவரி 5 அன்று, மாஸ்கோவில் இறந்தார். கடைசிக் காலத்தில் இலக்கியக் கல்லூரி வளாகத்தில் துடைப்பம் பிடித்துப் பெருக்கினார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அவர் குடியிருந்தது அந்த வளாகத்தில்தான், வாசல் பனியைத் தள்ளியிருக்கலாம். மற்றபடி அது கட்டுக்கதை. அவர் இறுதிவரை எழுதிக்கொண்டிருந்தார், நாட்டுப்புறக் கதைகளைத் திரும்பச் சொல்லிப் புத்தகமாக்கினார்.

எங்கிருந்து படிப்பது என்று கேட்டால், நாவலில் ஆரம்பிக்காதீர்கள். 1946இல் வந்த 'திரும்புதல்' என்ற சிறுகதையை முதலில் படியுங்கள். போரிலிருந்து வீடு திரும்பும் இவானவ், மனைவிமேல் சந்தேகப்பட்டு, குடும்பத்தை விட்டுவிட்டு மறுநாளே ரயிலேறுகிறான். இந்தக் கதைக்காகவும் அவரைப் பத்திரிகையில் அவதூறுக்காரர் என்று திட்டினார்கள். அதன்பின் 'யெபிஃபானின் மதகுகள்', அப்புறம் 'அஸ்திவாரக் குழி'. 'செவெங்கூர்' கடைசியில் இருக்கட்டும், அதற்குப் பொறுமை வேண்டும். ஆங்கிலத்தில் படிப்பதென்றால் ராபர்ட் சாண்ட்லர் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பாருங்கள். வாக்கியத்தின் கோணலை நேராக்கிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

'திரும்புதல்' முடியும் இடத்தில் மெதுவாகப் படியுங்கள். ரயில் நகர்கிறது. இரண்டு குழந்தைகள் தண்டவாளத்தை நோக்கி விழுந்தும் எழுந்தும் ஓடிவருகிறார்கள். பெரியவன் அவசரத்தில் ஒரு காலில் கம்பளிப் பூட்ஸும் இன்னொரு காலில் ரப்பர் செருப்பும் மாட்டியிருக்கிறான், அதனால்தான் அடிக்கடி விழுகிறான். அவர்கள் தன் பிள்ளைகள் என்று இவானவுக்கு அப்போதுதான் தெரிகிறது.